டார்லீனின் பந்து, வியாழக்கிழமை

இரவெல்லாம் கார் டிக்கியில் கிடந்த புதுப் பந்து.
வாசல் வெப்பமானி பூஜ்யத்தில் உறைந்து நிற்கிறது.
குளிர்ந்த பந்தில் துளை போட்டால் விரிசல் விடும்.
"ஒரு மணி நேரம் ஆகும், டார்லீன்."

அவள் பழைய பந்தை மேசைமேல் வைத்தாள்.
"இதில் இருக்கிறபடியே போடு, பா ஹூவா.
ஒரு நூல் மாறக் கூடாது."

வாஸா நகரத்துச் சீஸ் ஆலையில்
இருபது கிலோக் கட்டிகளை அடுக்கி அடுக்கிக்
கிழிந்த தோள்.
செப்டம்பரில் தைத்தார்கள்.
இன்றிரவு எட்டு மணிக்கு
அறுவைக்குப் பின் அவளுடைய முதல் லீக் ஆட்டம்.

ஒவ்வொரு பந்தின் வயிற்றிலும் ஒரு கனம் உண்டு,
சாய்ந்து படுத்திருக்கும்.
அதன் தலை இருக்குமிடம்
மேலே ஒரு நிறப் பொட்டாகத் தெரியும்.
என் தொழில் இவ்வளவுதான்:
கை ஒன்று, பொட்டு ஒன்று,
இரண்டுக்கும் நடுவே எத்தனை அங்குலம்.

பழைய பந்தில் பொட்டு விரல் துளைகளுக்குக் கீழே,
சுழலும் அச்சிலிருந்து மூன்றரை.
தடத்தை முன்கூட்டியே கவ்வுகிற வைப்பு.
பதினெட்டு மைல் வேகத்தில் எறிந்தவளுக்கு
நான்தான் குறித்துக் கொடுத்தேன்.
அவளுடைய அட்டையில் இன்னும் இருக்கிறது,
என் கையெழுத்தில்: அச்சு, ஐந்தேகால்.

"பந்து சூடாகட்டும், அதுவரை பழையதை எறி" என்றேன்.
ஐந்தேகாலில் ஒரு வெள்ளை ஒட்டு ஒட்டினேன்.
ஒட்டு அச்சில் இருந்தால் ஆடாது.

ஆடியது.
வேகம் தீரப்போகிற பம்பரத்தின் தலைபோல
வட்டம் போட்டபடியே
பதினோராம் தடத்தில் ஓடியது.

இரண்டு நூல் உள்ளே நகர்த்தினேன். ஆடியது.
இன்னும் இரண்டு. கொஞ்சம்.
"நாடா பழசு" என்றாள் டார்லீன்.
நாடா புதிது. நான் சொல்லவில்லை.
இன்னும் ஒரு நூல்.

பந்து முழுக்கச் சுழல,
அந்த ஒட்டு மட்டும்
சும்மா இருந்தது.

நாலரை அங்குலமும் ஒரு நூலும்.
திரையில் வேகம்: பதினான்கு.
அவள் திரையைப் பார்க்காமல்
ஷூ கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

இந்த வேகத்துக்குப் பழைய வைப்பு ஆகாது,
பந்து பாதி வழியிலேயே வளைந்து
பின்களை எட்டுமுன் களைத்துவிடும்.
பொட்டை மோதிர விரலுக்கு மேலே ஏற்று,
அச்சிலிருந்து ஐந்து அங்குலம் தள்ளு;
பொறுத்திருந்து கடைசியில் திரும்பட்டும்.

"அதற்குப் பேர் மெலிந்த வைப்புதானே?"
"கடையில் அப்படிச் சொல்வார்கள்."
"நீ?"
"நீளமான வைப்பு என்பேன்."
அவள் சிரிக்கவில்லை.

பந்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடு ஏறியிருந்தது.
ஐந்தில் கோடு போட்டேன்.
மெழுகுப் பென்சிலை என் கையிலிருந்து பிடுங்கி
என் கோட்டை அழித்தாள், கட்டைவிரலால்,
எச்சில் தொட்டு.
நாலே முக்காலில் அவள் கோடு.

"அந்த இரண்டு நூல் எதற்கு?"
"ஏப்ரலுக்கு" என்றாள்.
"ஏப்ரலில் இந்தக் கை பதினாறு எறியும்."

எறியலாம். எறியாமலும் போகலாம்.
துளையை அடைத்து மறுபடி போட எண்பது டாலர்
என்று மட்டும் சொன்னேன்.
பிறகு அவள் கோட்டிலேயே அளந்து
துளைக்கருவியை இறக்கினேன்.
நீலச் சுருள்கள் என் ஏப்ரனில் விழுந்தன,
எரிந்த பிளாஸ்டிக்கும் ஏதோ பழ வாசனையும்.
கட்டைவிரல் துளையை மட்டும் மூன்று முறை தேய்த்தேன்,
வீக்கம் இன்னும் வடியாத விரல்.

எட்டு மணி. இருபது தடமும் இடி.
கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன்.
முதல் பந்து நேராகப் போனது,
போனது, போய்க்கொண்டே இருந்தது,
விழுந்துவிடும் என்று நினைத்த விளிம்பில்
திரும்பியது.
ஒன்பது விழுந்தன.
வலது மூலையில் பத்தாவது
ஒரு தடவை நடுங்கி, நின்றுகொண்டது.

டார்லீன் அதைப் பார்க்கவில்லை.
என் பக்கம் திரும்பி
ஆட்காட்டி விரலையும் கட்டைவிரலையும்
இரண்டு நூல் அகலத்துக்கு
விரித்துக் காட்டினாள்.

எந்தப் பக்கம் இரண்டு என்று
சொல்லவில்லை.